சிங்க்குக்கு அடியில் ஒரு கிரைண்டர்

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. ஆறு மணிக்கு நான்கு குடும்பங்கள் சாப்பிட வருகின்றன. அடுப்பில் முருங்கைக்காய் சாம்பார். காலைத் தட்டுகளை அலசி முடித்து, சிங்க்குக்கு மேலே சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டேன். வழக்கமாகக் கடகடவென்று அரைத்துத் தள்ளும் டிஸ்போசல் 'ம்ம்ம்ம்' என்று முனகியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே முனகல். மூன்றாம் தடவை முனகலும் இல்லை. சிங்க்கில் மஞ்சள் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, மேலே நாலு கறிவேப்பிலை மிதக்கிறது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: பல அமெரிக்க வீடுகளில் பாத்திரம் கழுவும் சிங்க்கின் ஓட்டைக்கு நேர் கீழே, ஒரு சின்னக் குடம் அளவில் மோட்டார் வைத்த பெட்டி ஒன்று தொங்கும். தட்டில் மிச்சம் மீதி இருப்பதை ஓட்டைக்குள் தள்ளி, குழாயைத் திறந்து, சுவிட்சைப் போட்டால் அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். கார்பேஜ் டிஸ்போசல் என்று பெயர். இங்கே எங்கள் கொலம்பஸ் பக்கம் வீடு வாங்கினால், அடுப்பு மாதிரி இதுவும் கூடவே வந்துவிடும். பத்து வருஷமாக நானும் அதற்குள் என்னென்னவோ தள்ளியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை.

ப்ளம்பருக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமைதான் வர முடியும், மாற்ற வேண்டியிருந்தால் எல்லாம் சேர்த்து 450 டாலர் ஆகலாம் என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் மாமா நிற்கிறார்.

என் மாமனார் கோயம்புத்தூர்க்காரர். நாற்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவர். பம்ப்செட், கிரைண்டர், தறி மோட்டார் எதுவானாலும் பிரித்துப் போட்டு, கம்பி சுற்றி, திரும்ப ஓட வைப்பது அவர் தொழில். அத்தையோடு இங்கே வந்து ஒரு மாசமாகத் தொடுவதற்கு ஒரு ஸ்குரூ கூடக் கிடைக்காமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங் மாப்ளே, ஓடுலீங்ளா?"

"மோட்டார் போயிடுச்சு போல மாமா."

"போன மோட்டார் சத்தம் போடாதுங். முனகுச்சுன்னா உசுரு இருக்குதுன்னு அர்த்தம். கல்லு எங்கியோ மாட்டிருக்குதுங்க."

சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்து, அலமாரிக் கதவைத் திறந்து, சோப்பு டப்பா, பை, பிரஷ் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். டார்ச் அடித்துப் பெட்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தார். அங்கே ஒரு சிவப்புப் பட்டன். மாமா சிரித்துவிட்டார்.

"இது நம்ம மிக்ஸில இருக்கறதுதானுங்களே!"

நம் ஊர் மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பட்டன் இருக்கும். தேங்காயைப் பெரிது பெரிதாகப் போட்டுத் திணறடித்தால் மிக்ஸி நின்றுவிடும்; கொஞ்ச நேரம் ஆறவிட்டு அந்தப் பட்டனை அமுக்கினால் திரும்ப ஓடும். அதே ஓவர்லோடு பட்டன்தான் இது. சுழல முடியாத மோட்டார் கரண்டைக் கண்டபடி இழுக்கும், காயில் சூடாகும், புகைவதற்குள் அந்தப் பட்டன் துள்ளிக்கொண்டு கரண்டைத் துண்டித்துவிடும். என் மூன்றாம் முயற்சியில் சத்தமே வராததற்குக் காரணம் அதுதான். மோட்டார் சாகவில்லை. தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது, என்னிடமிருந்து.

"முனகையில சுவிட்ச அமுத்தீட்டே நிக்காதீங் மாப்ளே. அதுதானுங் காயில எரிக்கறது."

பட்டனுக்குப் பக்கத்தில், அடித்தட்டின் நட்டநடுவே, அறுகோணமாக ஒரு குழி. கால் அங்குல ஆலன் கீ அதில் கச்சிதமாக உட்காரும். பெட்டியோடு ஒரு கீ கொடுத்திருப்பார்கள். எங்களுடையது எங்கே தொலைந்ததோ. சோபா வாங்கியபோது வந்த கீக்களில் ஒன்று பொருந்தியது. சுவர் சுவிட்சை அணைத்து, பேஸ்மென்ட்டில் ப்ரேக்கரையும் இறக்கிவிட்டு வந்து, கீயைப் போட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினேன். முதலில் கல் மாதிரி நின்றது. நாலாவது ஆட்டத்தில் 'டக்'. அதன்பிறகு முழுச் சுற்றும் சுற்றியது.

மேலே வந்து, தேங்கிய தண்ணீரை முகந்து ஊற்றிவிட்டு, டார்ச்சை ஓட்டைக்குள் அடித்து, இடுக்கியை விட்டுத் துழாவினேன். முதலில் வந்தது நார். முருங்கைக்காய் சக்கை, வெண்டைக்காய்க் காம்பு, தேங்காய் நார், எல்லாம் சேர்ந்து ஒரு பிரிக்கயிறு போல. நாரோடு சேர்ந்து, இரண்டாய் மடங்கிய எவர்சில்வர் ஊறுகாய் ஸ்பூன். தீபாவளியிலிருந்து என் மனைவி தேடிக்கொண்டிருந்த ஸ்பூன்.

உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பிளேடே கிடையாது. மிக்ஸி மாதிரி நாலு கத்தி சுழலும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அடியில் ஒரு வட்டத் தட்டு, அதன் மேல் பெருவிரல் அளவில் இரண்டு இரும்புத் துண்டுகள், விரலால் தள்ளினால் லொடலொடவென்று ஆடுகின்றன. அவ்வளவுதான். தட்டு சுற்றும்போது உள்ளே விழுந்ததெல்லாம் ஓரத்துக்கு வீசியடிக்கப்படுகிறது. ஓரச் சுவர் முழுக்கத் தேங்காய்த் துருவி போல ஒரு வளையம். அந்த இரும்புத் துண்டுகள் சாப்பாட்டை வளையத்தின் மேல் தேய்த்துத் தேய்த்துத் துருவுகின்றன. துருவியது தண்ணீரோடு இறங்குகிறது. வெட்டுவதற்கு இதில் எதுவும் இல்லை. நார் துருவப்படாமல் ஏன் சுற்றிக்கொள்கிறது என்பதும், ஐஸ் கட்டி போட்டால் பிளேடு கூராகும் என்று சொல்பவர்களை ஏன் நம்பக் கூடாது என்பதும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஐஸ் போட்டால் உள்ளே ஒட்டிய அழுக்கு கொஞ்சம் உதிரும். கூர் ஆவதற்கு ஒன்றும் இல்லை.

சிவப்புப் பட்டனை அமுக்கி, ப்ரேக்கரைப் போட்டு, குழாயைத் திறந்து, சுவிட்ச். கடகடகட. மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீர் ஒரு சுழி சுழித்துக் காணாமல் போனது. ப்ளம்பருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சு முழுக்க இதுதான். வந்திருந்த நண்பர் ஒருவர் முன்பு நியூயார்க்கில் குயின்ஸில் இருந்தவர். அங்கே தான் இருந்த பழைய கட்டடத்தில் இந்தப் பெட்டியே இல்லை என்றார். அதில் ஒரு கதை உண்டு. மழைத் தண்ணீரும் வீட்டுச் சாக்கடையும் ஒரே குழாயில் போகும் ஊர் அது. அரைத்த குப்பையும் சேர்ந்தால் தாங்காது என்று 1970களில் நகரின் பெரும்பகுதியில் தடை போட்டார்கள். 1997இல்தான் தடையை நீக்கினார்கள். இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்ததோ அதற்கு வெகு காலம் முன்னால். விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் முதல் பெட்டியைச் செய்தார். காப்புரிமை கிடைத்தது 1935இல். 1938இல் இன்சிங்க்கிரேட்டர் என்று கம்பெனி தொடங்கினார். அந்த வருஷம் விற்றது 52 பெட்டி. மனைவிக்கு வேலை மிச்சமாகட்டும் என்றுதான் செய்தார் என்று சொல்வார்கள். ஊறுகாய் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று வாரம் கழித்து அலமாரியின் அடிப்பலகை உப்பியிருந்தது.

ஒழுகல் என்றால் எங்கிருந்து என்பதுதான் எல்லாம். மேலே, சிங்க்கும் பெட்டியும் சேரும் இடத்தில் கசிந்தால் பழைய பட்டி காய்ந்துவிட்டது, அதை மாற்றினால் போதும். பக்கவாட்டில் என்றால் டிஷ்வாஷர் ஹோஸின் கிளாம்ப்போ, கழிவுக் குழாயின் வாஷரோ தளர்ந்திருக்கும், திருகினால் சரி. அடியிலிருந்து, அந்தச் சிவப்புப் பட்டன் பக்கமாகச் சொட்டினால் உள்ளே ஷாஃப்ட்டைச் சுற்றிய சீல் போய்விட்டது. தண்ணீர் பேரிங்கைத் தாண்டி மோட்டாருக்குள் இறங்கிவிட்டது. மாமா பெட்டியைச் சுற்றி மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் கட்டினார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தோம். கீழே கட்டியது மட்டும் ஈரம். துருப்பிடித்த பழுப்பு நிறத்தில்.

"நம்மூரா இருந்தா சீல் மாத்தி, பேரிங் போட்டு, அஞ்சு வருசம் ஓட்டீர்லாமுங். இங்க சீல் விக்கறாங்களா?"

தேடிப் பார்த்தேன். தேடிய நேரத்துக்குப் புதுப் பெட்டியே வாங்கியிருக்கலாம். மாமாவுக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் கடைக்கு என்னோடு வந்தார்.

கடையில் மூன்றில் ஒரு பங்கு ஹெச்.பி.யில் தொடங்கி ஒரு ஹெச்.பி. வரை அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு, சூப்பும் சாண்ட்விச்சும் சாப்பிடும் வீட்டுக்குச் சரி. நம் சமையலுக்கு அரைக்குக் கீழே போகாதீர்கள் என்பேன். நான் முக்கால் எடுத்தேன், 180 டாலர். மாமா விலையைப் பார்க்கவில்லை, பெட்டியின் மேல் அச்சடித்திருந்த வேகத்தைப் பார்த்தார். 1,725.

"தப்பா போட்ருக்கறானுங். 1,440தானுங்களே வரோணும்?"

தப்பில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் கட்டிய மோட்டார் 50 சைக்கிள் கரண்டில் ஓடியது, இங்கே 60 சைக்கிள். அதே நாலு போல் மோட்டார் ஊரில் 1,440 சுற்றும், இங்கே 1,725 சுற்றும். சொன்னதும் மனக்கணக்குப் போட்டுத் தலையாட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. அவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

பழசைக் கழற்றுவதற்கு முன் ப்ரேக்கரை இறக்கினோம். அதோடு விடாமல், வயரைத் தொடும் முன் டெஸ்டரை வைத்துப் பார்த்தோம். இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பெட்டியின் அடித்தட்டைத் திறந்ததும் கறுப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று வயர். மாமாவின் கை பழக்கத்தில் நேராகக் கறுப்புக்குப் போனது: "இது நியூட்ரல்." நம் ஊரில் கறுப்பு நியூட்ரல்தான், சிவப்புதான் ஃபேஸ். இங்கே கறுப்பில்தான் கரண்ட் வரும், வெள்ளைதான் நியூட்ரல். ஊரில் கை தேர்ந்தவர்கள்தான் இங்கே இதில் ஏமாறுவார்கள். கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, பச்சை எர்த் ஸ்குரூவில், மேலே பிளாஸ்டிக் தொப்பியை முறுக்கிவிட வேண்டும். உங்கள் வீட்டில் சிங்க்குக்கு அடியில் பிளக் பாயின்ட் இருந்தால் இந்த வேலை மிச்சம், ஆனால் வயரோடு கூடிய பிளக்கைப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். பெட்டியைத் திறந்த பிறகு அது இல்லை என்று தெரிந்து திரும்பக் கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

குழாய்களைக் கழற்றும்போது கீழே பக்கெட் வையுங்கள். வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும்; சாக்கடை வாடை மேலே வராமல் தடுப்பதே அந்தத் தண்ணீர்தான். அது எவ்வளவு நாள் பழசு என்பதைக் கழற்றும்போது மூக்கு சொல்லும்.

பெட்டியைத் தாங்குவது ஒரு வளையம். ஸ்குரூடிரைவரை அதன் காதில் விட்டு நெம்பினால் திரும்பும், திரும்பி முடிந்த நொடியில் முழு எடையும் கைக்கு வரும். அடியில் நான்கு தடிப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்ததால் என் விரல்கள் தப்பின. பழைய பெட்டியின் அதே கம்பெனி, அதே வகை மவுன்ட் என்றால் மேல் பாகத்தைத் தொடாமல் புதுசை அப்படியே மாட்டிவிடலாம், பத்து நிமிஷ வேலை. எங்களுக்குக் கம்பெனி வேறு. சிங்க்குக்குள் தெரியும் ஸ்டீல் வளையத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்தோம்.

ஓட்டையைச் சுற்றிப் பழைய பட்டி மண் ஓடு மாதிரி இறுகியிருந்தது. அதைத் துளி மிச்சமில்லாமல் சுரண்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சோம்பேறித்தனம் பட்டால் ஆறு மாசத்தில் மேலே கசியும். பிறகு புதுப் பட்டி. டப்பாவிலிருந்து ஒரு உருண்டை எடுத்து, முறுக்கு மாவைக் கையால் நீட்டுவது போல, சுண்டுவிரலை விடக் கொஞ்சம் மெல்லியதாக உருட்ட வேண்டும். இதை அத்தை செய்தார். நானும் மாமாவும் உருட்டியது ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் அறுந்தும் போக, பார்த்துக்கொண்டிருந்தவர் பொறுக்க முடியாமல் வாங்கி, மேடை மேல் ஒரே இழுப்பில் சீராக உருட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மார்பிள் மாதிரிக் கல் சிங்க் என்றால் பட்டி எண்ணெய்க் கறை விடும், சிலிக்கான் போடுங்கள். எங்களுடையது ஸ்டீல்.

ஸ்டீல் வளையத்தை மேலிருந்து அழுத்தி, கீழே கேஸ்கெட், தாங்கு வளையம், மூன்று ஸ்குரூ உள்ள வளையம், கடைசியாக அந்தப் பாழாய்ப் போன ஸ்னாப் ரிங். மல்லாந்து படுத்துக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வெட்டுள்ள ஒரு இரும்பு வளையத்தை விரித்து மேலே தள்ளிக் காடியில் உட்கார வைக்க வேண்டும். மூன்று தடவை என் நெற்றியில் விழுந்தது. உட்கார்ந்ததும் மூன்று ஸ்குரூவையும் கார் டயர் நட் போல மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். மேலே சிங்க்குக்குள் பட்டி பிதுங்கிக்கொண்டு வந்தது. பிதுங்கினால் நல்ல அறிகுறி.

பெட்டியை மாட்டும் முன், ஓட்டையை மூடி, சிங்க்கில் தண்ணீர் நிரப்பி, கீழே சொட்டுகிறதா என்று பார்த்தோம். சொட்டவில்லை. ஏழு கிலோ சொச்சம் எடை, தலைக்கு மேல் தூக்கி, மூன்று காதும் பொருந்தும் வரை பிடித்து, திருப்ப வேண்டும். மாமா கார் ஜாக்கி கேட்டார். ஒரு பலகை மேல் ஜாக்கியை வைத்து அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றி, விரலால் ஒரு தட்டு. 'கிளிக்.' ஜாக்கி யோசனை நான் பார்த்த எந்த வீடியோவிலும் இல்லை.

புதுப் பெட்டியின் வாய் பழசை விட ஒரு அங்குலம் தாழ்வாக இருந்ததால் கழிவுக் குழாயை ரம்பத்தால் கொஞ்சம் அறுத்துச் சேர்த்தோம். டிஷ்வாஷர் ஹோஸை மாட்டினோம். ஓட்டிப் பார்த்தோம். பழசு கடகட, இது மெத்தையில் உட்கார்ந்தது போல ஒரு உறுமல். எல்லோரும் கை தட்டினோம். ராத்திரி டிஷ்வாஷரைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் டிஷ்வாஷரைத் திறந்தால் அடியில் குளம். அழுக்குத் தண்ணீர், மேலே சோற்றுப் பருக்கை.

இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம், அதனால் நான் உங்களுக்குச் சொல்கிறேன். டிஷ்வாஷர் ஹோஸ் சேரும் அந்தச் சின்ன வாய்க்குள் கம்பெனியே ஒரு பிளாஸ்டிக் அடைப்பை வைத்துத்தான் அனுப்புகிறது. டிஷ்வாஷர் இல்லாத வீடுகளுக்காக. இருக்கும் வீடுகளில், மாட்டுவதற்கு முன், ஸ்குரூடிரைவரை வாயில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி அதை உடைத்துத் தள்ள வேண்டும். கையேட்டில் படம் போட்டே சொல்லியிருக்கிறது, பதினோராம் பக்கம். ஹோஸைத் திரும்பக் கழற்றி, தட்டி, உள்ளே விழுந்த வட்டத் துண்டை மேலிருந்து இடுக்கியால் எடுத்தேன். பத்துப் பைசா அளவுகூட இல்லை.

புதுப் பெட்டிக்கு வீட்டில் சில சட்டங்கள் போட்டிருக்கிறோம். முதலில் தண்ணீர், பிறகு சுவிட்ச். அரைத்து முடிந்தும் பதினைந்து இருபது விநாடி தண்ணீர் ஓட வேண்டும். பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் விட்டால் நெய் உருகிப் போய்க் குழாயின் தூரத்து வளைவில் உறையும், அங்கே இடுக்கி எட்டாது. சோறு அள்ளிப் போடக் கூடாது, வளைந்த குழாயில் களியாகிவிடும். முருங்கை, வாழைப்பூ, கறிவேப்பிலைக் காம்பு எதுவும் கிடையாது. வாடை வந்தால் எலுமிச்சைத் தோலைத் தேடாமல், ஓட்டை வாயில் இருக்கும் ரப்பர் மடலை மடக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ப்ரேக்கரை இறக்கிவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் அந்தக் கறுப்பு வழவழப்பைத் தேய்த்தால் போதும், முக்கால்வாசி வாடை அங்கேதான். செப்டிக் டேங்க் உள்ள வீடு என்றால் முடிந்தவரை இதை ஓட்டாமல் இருப்பதே நல்லது. தொட்டி சீக்கிரம் நிரம்பும்.

அத்தை இந்தச் சட்டங்களில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து காய்த் தோலையெல்லாம் ஒரு தயிர் டப்பாவில் சேர்த்துப் பின்கட்டுத் தக்காளிச் செடிக்குத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த அடைப்பை எடுத்த அன்றைக்கு ராத்திரி மறுபடியும் டிஷ்வாஷரைப் போட்டோம். மாமா தபாலில் வந்த மளிகைக் கடை விளம்பரத் தாள்களைப் பெட்டிக்கு அடியில் பரப்பி வைத்தார். அலமாரிக் கதவைத் திறந்து போட்டு, எதிரே ஒரு நாற்காலி, கையில் டார்ச். "அப்பா, போய்ப் படுங்க" என்று மனைவி சொன்னதற்கு, "நீ போ அம்மிணி, ரெண்டாவது தண்ணி இன்னும் எறங்குலே" என்றார். காலையில் நான் எழுந்து வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தாள்கள் காய்ந்து கிடந்தன. ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன ஈரம், அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தது: 'காப்பி.'